யு87 மாதிரி பேச வைப்பது: மலிவான கண்டென்சர் மைக்கின் சர்க்யூட்டில் எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது

யு87 என்பது ஸ்டுடியோக்களில் பேர்பெற்ற நொய்மன் மைக். மலிவான பெரிய டயாஃப்ரம் (ஒலியில் அதிரும் படலம்) கண்டென்சர் மைக் முதல் நாள் கேட்கும்போது அசத்தும். என்ன தெளிவு, என்ன பளபளப்பு என்று தோன்றும். அதே குரலை நாலு டிராக் அடுக்கிப் பாருங்கள், ஒவ்வொரு 'ஸ'வும் காதில் ஊசியாக இறங்கும். ஈக்யூவில் குறைத்தால் குரல் மங்கிப்போகும், விட்டால் சீறும். இந்த நிலையில்தான் பெரும்பாலானவர்கள் மைக்கைத் திறக்க ஆரம்பிக்கிறார்கள், திறந்ததும் செய்கிற முதல் வேலை உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்களை எல்லாம் விலை உயர்ந்ததாக மாற்றுவது. நானும் அதைத்தான் செய்தேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது, சத்தம் அப்படியே இருந்தது.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மைக்குகளில் பெரும்பாலானவற்றில் உட்கார்ந்திருப்பது நொய்மன் நிறுவனத்தின் கே67 கேப்சூலை (ஒலியைப் பிடித்து மின்சிக்னலாக்கும் பாகம்) பார்த்துச் செய்த நகல். 1960-ல் வந்த யு67 வால்வு மைக்கில் இருந்தது இந்த வகைக் கேப்சூல்தான், 1967-ல் வால்வை எடுத்துவிட்டு ஃபெட் டிரான்சிஸ்டர் வைத்து வந்த யு87-லும் அதே குடும்பம்தான். இந்தக் கேப்சூல் தனியாகத் தட்டையாகப் பேசாது, 10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் பல டெசிபல் தூக்கிக்கொண்டு நிற்கும். அது தெரிந்தேதான் அப்படி வைத்தார்கள். கேப்சூலில் தூக்கியதைச் சர்க்யூட்டில் பெருமளவு இறக்கிவிடுவார்கள், இறக்கும்போது சர்க்யூட்டின் சொந்த இரைச்சலும் கூடவே இறங்கிவிடும்.

நகல் செய்தவர்கள் கேப்சூலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சர்க்யூட்டுக்கு ஷெப்ஸ் என்ற மைக் நிறுவனத்தின் பாணியைப் பிடித்தார்கள்: ஒரு ஃபெட், இரண்டு பிஎன்பி டிரான்சிஸ்டர், டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. நல்ல சர்க்யூட், இரைச்சல் குறைவு, ஆனால் கொடுத்ததை அப்படியே தட்டையாக வெளியே தள்ளும். தட்டையான கேப்சூலுக்கு அது சரி. தூக்கி நிற்கிற கேப்சூலுக்குப் பின்னால் அதை வைத்தால் தூக்கல் முழுதும் உங்கள் காதுக்குத்தான் வரும். ஆகவே இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அந்த இறக்கத்தைப் பற்றியது. மற்ற மாற்றங்களும் வரும், ஆனால் அவற்றை அவற்றுக்கு உரிய எடையில்தான் சொல்வேன்.

திறப்பதற்கு முன்

முதலில் பதிவு. மைக்கை ஒரு ஸ்பீக்கருக்கு நேர் எதிரே 30 சென்டிமீட்டரில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டாண்டின் கால்கள் இருக்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் என்கிற இலவச மென்பொருளில் 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு ஸ்வீப் (அடித்தொனியிலிருந்து உச்சி வரை ஏறும் சோதனை ஒலி) ஓட்டிச் சேமியுங்கள். அறை சரியில்லை, ஸ்பீக்கர் சரியில்லை என்று கவலைப்பட வேண்டாம். நமக்கு வேண்டியது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும், இடம் மாறாமல் இருந்தால் அறையின் குறையும் ஸ்பீக்கரின் குறையும் கழிந்துபோகும்.

அப்புறம் குரல். ஒரே ஆள், ஒரே தூரம், 'சீப்பு, சாவி, சுருதி, ஸ்வரம், விஷயம், பஸ்' என்று நிதானமாகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வரும் சகரமும், ஸ, ஷ இரண்டும் இந்தத் தூக்கலை உடனே காட்டிக்கொடுக்கும். இந்த இரண்டு பதிவும் இல்லாமல் வேலையில் இறங்கினால், உழைத்த உழைப்பே 'நல்லா மாறியிருக்கு' என்று சொல்ல வைத்துவிடும். காதை நம்பலாம், நேற்றைய காதின் ஞாபகத்தை நம்பக் கூடாது.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. ஃபான்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே மைக்குக்கு வரும் மின்சாரம், 48 வோல்ட், இரண்டு பக்கமும் 6.8 கிலோஓம் வழியாக வருகிறது, ஆளை ஒன்றும் செய்யாது. வால்வு மைக்கின் பவர் சப்ளை அப்படியல்ல, அதில் 100 வோல்ட்டுக்கு மேல் ஓடும், கெப்பாசிட்டரில் தங்கியும் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்க வேண்டாம். இங்கே சொல்வதெல்லாம் ஃபான்டமில் ஓடும் ஃபெட் மைக்குகளுக்கு மட்டும்.

நமக்குப் பயம் கேப்சூலைப் பற்றித்தான். தங்கம் பூசிய சில மைக்ரான் தடிமன் படலம் அது. தொடாதீர்கள், தூசி தெரிந்தாலும் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் போச்சு. முடிந்தால் வயர்களைக் கழற்றி, கேப்சூலை மூடி போட்ட டப்பாவில் வைத்துவிட்டு போர்டில் மட்டும் வேலை செய்யுங்கள். கழற்றுவதற்கு முன் எந்த வயர் எங்கே போகிறது என்று நாலு கோணத்தில் போட்டோ. ஃபெட்டுக்கு நிலைமின்சாரம் ஆகாது, எர்த் உள்ள சால்டரிங் அயர்னும் கையில் எர்த் பட்டையும் வேண்டும்.

கேப்சூல் எது என்று பாருங்கள்

எல்லா மைக்கிலும் கே67 நகல் இருக்காது. நடுவில் ஸ்க்ரூ போட்டு வயர் வந்தால் கே67 அல்லது கே47 வகை. பக்கவாட்டில், விளிம்பிலிருந்து வயர் வந்தால் ஏகேஜி சிகே12 பாணி. கே67-ல் பின்தகடு (படலத்துக்குப் பின்னால் உள்ள தகடு) முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தனித்தனியாக இரண்டு துண்டு, கே47-ல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தகடு. கே47 இவ்வளவு தூக்காது. அதற்கு நான் சொல்லும் இறக்கத்தைப் போட்டால் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும். இந்த ஒரு நிமிடச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, யாரோ போட்ட மதிப்பை அப்படியே தன் மைக்கில் போட்டு, கடைசியில் பழியைப் பாகத்தின் மேல் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

போர்டை வாசிப்பது

கேப்சூலிலிருந்து வரும் வயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஒரு சின்ன கெப்பாசிட்டர் வரும், பெரும்பாலும் 470 பிகோஃபாரட் அல்லது 1 நானோஃபாரட். அதைத் தாண்டி ஃபெட்டின் கேட், அதாவது சிக்னல் உள்ளே போகும் கால். அக்கம்பக்கத்தில் ஒன்றோ இரண்டோ 1 ஜிகாஓம் ரெசிஸ்டர்கள். ஃபெட்டின் மற்ற இரண்டு கால்கள் ட்ரெயினும் சோர்ஸும், இரண்டுக்கும் ஒரே மதிப்புள்ள ரெசிஸ்டர், பெரும்பாலும் 2.2 கிலோஓம் அல்லது அதை ஒட்டி. ஒரே மதிப்பு இருப்பதால்தான் ட்ரெயினில் ஒரு திசையிலும் சோர்ஸில் எதிர்த்திசையிலும் சம அளவு சிக்னல் கிடைக்கிறது. அங்கிருந்து பிஎன்பி டிரான்சிஸ்டர்கள், பிறகு எக்ஸ்எல்ஆர் சாக்கெட்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்திருக்கிறேன். கேப்சூலில் 48 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரை வைத்தால் அரை வோல்ட் கூடக் காட்டாது. 'சப்ளை போச்சு' என்று போர்டையே பிரித்துப் போட்டுவிட்டேன். மீட்டரின் உள் தடை 10 மெகாஓம், வழியில் இருப்பதோ 1 ஜிகாஓம், அதாவது நூறு மடங்கு. மீட்டரே வோல்ட்டேஜைக் கீழே இழுத்துவிடுகிறது, 48 இருக்கும் இடத்தில் 0.48-தான் காட்டும். அளக்க வேண்டியது ஜிகாஓமுக்கு முன்னால், சப்ளை பக்கம். கேட்டையும் இதே காரணத்தால் மீட்டரால் அளக்க முடியாது.

முக்கியமான மாற்றம்: இறக்கம்

ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் வரிசையாக. அவ்வளவுதான், இரண்டே இரண்டு பாகம். தொடங்க 470 ஓம், 47 நானோஃபாரட்.

ஏன் இந்த மதிப்பு என்று கணக்குப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் போர்டில் ஃபெட் வேறாக இருந்தால் நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும். ஃபெட்டின் டிரான்ஸ்கண்டக்டன்ஸ், அதாவது கேட்டில் வோல்ட்டேஜ் மாறினால் கரன்ட் எவ்வளவு மாறும் என்பது, வோல்ட்டுக்கு 5 மில்லியாம்ப் என்று வைத்துக்கொள்வோம். அதை 2.2 கிலோஓமால் பெருக்கினால் 11, ஒன்றைக் கூட்டினால் 12. இப்போது ட்ரெயின் சோர்ஸ் ரெசிஸ்டர்கள் இரண்டையும் சேர்த்தால் 4,400 ஓம், அதை 470-ஆல் வகுத்தால் 9.4. இதை 12-உடன் கூட்டினால் 21.4. 21.4-ஐ 12-ஆல் வகுத்தால் 1.78, டெசிபலில் அது 5. ஆக மேல் அதிர்வெண்களில் அதிகபட்சம் 5 டெசிபல் இறங்கும், அதற்கு மேல் போகாது. கெப்பாசிட்டர் தீர்மானிப்பது இறக்கம் எங்கே தொடங்குகிறது என்பதை. 47 நானோஃபாரடில் சுமார் 4 கிலோஹெர்ட்ஸில் சரியத் தொடங்கி 7-ஐத் தாண்டியதும் சமதளமாகப் போகும், 10 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 4 டெசிபல் குறைந்திருக்கும். கே67 நகல்கள் கத்துகிற இடமும் அதுதான்.

ஃபெட்டின் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் 10 மில்லியாம்பாக இருந்தால் இதே 470 ஓமில் 3 டெசிபல்தான் இறங்கும். அப்போது ரெசிஸ்டரை 270-க்குக் கொண்டுவந்து கெப்பாசிட்டரை 82 நானோஃபாரட் ஆக்குங்கள், பழையபடி 5-க்குப் பக்கத்தில் வந்துவிடும். எது என்று தெரியாவிட்டால் கவலையில்லை, ஸ்வீப் சொல்லிவிடும்.

ரெசிஸ்டர் எதற்கு, வெறும் கெப்பாசிட்டர் போதாதா என்றால், போடலாம், பலரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் சரிவு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 'காற்று' என்று சொல்கிற அந்த லேசான உயிர்ப்பும் போய்விடும். ரெசிஸ்டர் அந்தச் சரிவுக்கு ஒரு தரையைக் கொடுக்கிறது.

கெப்பாசிட்டர் ஃபிலிம் வகையாக இருக்கட்டும், பாலிப்ரொப்பிலீன் கிடைத்தால் நல்லது. இந்த அளவில் மலிவான செராமிக் வேண்டாம், அது வோல்ட்டேஜுக்கு ஏற்ப மதிப்பு மாறும், தட்டினால் சத்தமும் போடும். பாகங்களைச் சால்டர் செய்யும் இடம் ஃபெட்டின் கால்களாக இருக்க வேண்டியதில்லை. ட்ரெயின் ரெசிஸ்டரும் சோர்ஸ் ரெசிஸ்டரும் ஃபெட்டோடு சேரும் முனைகள் போர்டின் அடிப்பக்கத்தில் வேறு இடத்திலும் கிடைக்கும், கேட்டிலிருந்து எவ்வளவு தள்ளியோ அவ்வளவு நல்லது.

முதலில் தற்காலிகமாக வையுங்கள். மைக்கை மூடி, டேப் குறித்த இடத்தில் நிறுத்தி, ஸ்வீப் ஓட்டிப் பழையதன் மேல் வைத்துப் பாருங்கள். அப்புறம் 'சீப்பு, சாவி'. மங்கலாகத் தோன்றினால் ரெசிஸ்டரை 680-க்கு ஏற்றுங்கள், இன்னும் குத்தினால் 330-க்கு இறக்குங்கள். முடிவெடுக்க ஒரு நாள் விடுங்கள். பளபளப்பு போனதும் முதல் பத்து நிமிடம் எல்லாமே மந்தமாகத்தான் கேட்கும்.

பயாஸ்

பயாஸ் என்றால் சிக்னல் இல்லாதபோது ஃபெட் நிற்கும் நிலை. ஃபெட் என்பது ஒன்றுபோல் ஒன்று இராத ஜாதி. பழைய யு87-ல் இருந்த 2என்3819 என்ற ஃபெட்டை எடுத்துக்கொண்டால், கேட்டில் பூஜ்யம் இருக்கும்போது ஓடும் கரன்ட் 2 முதல் 20 மில்லியாம்ப் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அதன் தகவல்தாளே சொல்கிறது. பத்து மடங்கு! ஒவ்வொரு மைக்கிலும் ஃபெட்டை அளந்து பயாஸ் வைத்தால்தான் சரியாக வரும். மலிவான மைக்கில் அதற்கு யாருக்கும் நேரமில்லை, ஒரே ரெசிஸ்டரை எல்லாவற்றிலும் போட்டுவிடுகிறார்கள். அதனால் சத்தமாகப் பாடும்போது அலையின் ஒரு பக்கம் மட்டும் முன்கூட்டியே வெட்டுப்படும்.

சரிபார்க்க ஆசிலாஸ்கோப் வேண்டும். கேப்சூலுக்குப் பதில் 68 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்து அதன் வழியாக 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை உள்ளே விடுங்கள். அவுட்புட்டைப் பார்த்துக்கொண்டே அளவை ஏற்றுங்கள். மேலும் கீழும் ஒரே நேரத்தில் தட்டையானால் பயாஸ் சரி. ஒரு பக்கம் முந்தினால் பயாஸைத் தீர்மானிக்கிற ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் ட்ரிம்பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்துத் திருப்பி, இரண்டும் சமமாக வரும் இடத்தைப் பிடித்து, ட்ரிம்பாட்டைக் கழற்றி அளந்து, அதே மதிப்பில் நிலையான ரெசிஸ்டர் போடுங்கள். ஆசிலாஸ்கோப் இல்லாதவர்கள் மீட்டரை வைத்து, சோர்ஸில் சப்ளையின் கால் பங்கும் ட்ரெயினில் முக்கால் பங்கும் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. இது இந்த இரட்டை அவுட்புட் சர்க்யூட்டுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு.

கெப்பாசிட்டர் மாற்றம், உள்ளபடி

கேப்சூலுக்கும் கேட்டுக்கும் நடுவே இருப்பது செராமிக் டிஸ்க் என்றால் மாற்றுங்கள், பாலிஸ்டைரீன் போடுங்கள். செராமிக் தானே ஒரு மைக் மாதிரி அதிர்வைப் பிடிக்கும், ஸ்டாண்டைத் தட்டினால் தெரியும். சிக்னல் வழியில் உள்ள எலக்ட்ரோலிட்டிக்குகளை ஃபிலிமாக மாற்றலாம், இடம் இருந்தால். இதனால் மைக் 'விண்டேஜ்' ஆகாது, கொஞ்சம் சுத்தமாகும்.

அடித்தொனி குறைவாக இருக்கிறது என்று ஜிகாஓமைப் பெரிதாக்குகிறவர்களுக்கு ஒன்று: கேப்சூல் சுமார் 70 பிகோஃபாரட், அதோடு 1 ஜிகாஓம் சேர்ந்தால் வெட்டும் இடம் 2.3 ஹெர்ட்ஸ். இரண்டு 1 ஜிகாஓம் ரெசிஸ்டர்கள் இணையாக (பேரலல்) இருந்தாலும் 4.5 ஹெர்ட்ஸ்தான். பேஸ் போவது அங்கே இல்லை, பிந்திய கெப்பாசிட்டர்களில் பாருங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் ஆசை

வரும், எல்லோருக்கும் வரும். ஆனால் யு87 பாணி 10-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி இந்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத போர்டின் கடைசியில் ஒட்டவைக்காதீர்கள். சிக்னல் 20 டெசிபல் கீழே போகும், ப்ரீஆம்பைத் தூக்குவீர்கள், மிச்சம் இரைச்சல்தான். அந்த டிரான்ஸ்ஃபார்மர் வேறு சர்க்யூட்டுக்கானது. அங்கே ஃபெட் சிக்னலைச் சுமார் பத்து மடங்கு பெருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் அதைத் திரும்ப இறக்கி, கூடவே அவுட்புட் தடையையும் இறக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்றால் போர்டையே மாற்றுங்கள். ஒற்றை ஃபெட், பெருக்கும் பாணி, டிரான்ஸ்ஃபார்மர் என்று யு87-ஐ ஒட்டிய போர்டுகள் கிட்டாகக் கிடைக்கின்றன. அதில் இறக்கம் நடக்கிற விதமே அழகு: ட்ரெயினிலிருந்து மேல் அதிர்வெண்களை மட்டும் வடிகட்டி, ஒரு சின்ன கெப்பாசிட்டர் வழியாகக் கேட் பக்கமே திருப்பி அனுப்புகிறார்கள். கேப்சூல் 70, திருப்பும் கெப்பாசிட்டர் 10 பிகோஃபாரட், பெருக்கம் 10 என்று வைத்தால், கீழ் அதிர்வெண்களில் கேப்சூலுக்கு மொத்தச் சுமை 80 பிகோஃபாரட் மாதிரி, மேலே போகப்போக அதே 10 பிகோஃபாரட் 110 மாதிரி நடந்துகொண்டு மொத்தம் 180 ஆகிவிடும். 80-க்கும் 180-க்கும் வித்தியாசம் 7 டெசிபல். இரண்டு பிகோஃபாரட் கூடினாலும் குறைந்தாலும் காதுக்குத் தெரியும் என்பதால் இந்த ஒரு கெப்பாசிட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடித்தொனியில் பழைய மைக்குகளுக்கு இருக்கும் அந்தக் கனமும் இங்கிருந்துதான் பாதி வருகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் முன்சுற்று 50 ஹென்றி, அதற்கு முன் உள்ள கெப்பாசிட்டர் 1 மைக்ரோஃபாரட் என்றால் இரண்டும் சேர்ந்து 22 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒத்ததிர்வு கொள்ளும். கெப்பாசிட்டரை 'பெரிசா இருந்தா நல்லது' என்று 10 ஆக்கினால் அந்த இடமே நகர்ந்துவிடும். கிட்டில் சொன்ன மதிப்பைப் போடுங்கள்.

வோல்ட்டேஜ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய யு87-ன் உணர்திறன் ஒரு பாஸ்கலுக்கு 8 மில்லிவோல்ட், 1986-ல் வந்த யு87 ஏஐ 28 மில்லிவோல்ட். பழையது சாதுவானது, அதாவது குறைந்த சிக்னல் தருவது. கேப்சூலுக்கு 48-லிருந்து 60 வோல்ட் ஏற்றினால் கிடைப்பது 2 டெசிபல் மட்டுமே, நகல் கேப்சூல்களில் அதற்கு மேல் போனால் படலம் இழுபட்டுத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. பழைய குரல் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வோல்ட்டேஜை ஏற்றுவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

சுத்தம் செய்வது, இதைத் தாண்டிப் போகாதீர்கள்

எல்லாம் முடித்து, சத்தம் பிரமாதமாக வந்து, நண்பர்களுக்கு அனுப்பியும் ஆயிற்று. இரண்டு நாள் கழித்து மழை. மைக்கைப் போட்டால் சடசடவென்று வெடிப்பு, நடுவில் யாரோ மணலைக் கொட்டுவது போல ஒரு சரசரப்பு. ஃபெட் போய்விட்டதென்று இன்னொன்றை வாங்கி மாற்றினேன், அதே சடசட. கடைசியில் பார்த்தால் கேட்டைச் சுற்றி நான் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் (சால்டர் செய்யும்போது மிஞ்சும் பிசின்), காய்ந்த தேன் மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தது. ஒரு ஜிகாஓம் உள்ள இடத்தில் ஈரம் குடித்த ஃப்ளக்ஸ் ஒரு வயர் மாதிரிதான்.

99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மெல்லிய பிரஷ். கேட், ஜிகாஓம் ரெசிஸ்டர்கள், முதல் கெப்பாசிட்டர் மூன்றையும் இரண்டு முறை கழுவி, ஒவ்வொரு முறையும் புது ஆல்கஹால் எடுத்து, பஞ்சு நார் ஒட்டாமல் பார்த்து, குறைந்தது சில மணி நேரம் உலரவிடுங்கள். அந்த ரெசிஸ்டர்களின் உடம்பைப் பிறகு விரலால் தொடவே தொடாதீர்கள். இடம் இருந்தால் கேட், கெப்பாசிட்டர், ஜிகாஓம் மூன்றும் சேரும் முனையைப் போர்டிலிருந்து தூக்கி டெஃப்லான் தூணில் சால்டர் செய்வது இன்னும் நல்லது.

பிறகு கேப்சூலைத் திரும்ப வையுங்கள், போட்டோவைப் பார்த்து. முன்பக்கம் பின்பக்கம் மாறிவிட்டால் மைக் வேலை செய்யும், ஆனால் லோகோ இருக்கும் பக்கம் பாடினால் பின்னாலிருந்து பாடுவது போல இருக்கும், அதைச் சர்க்யூட்டின் குறை என்று தேடி ஒரு ராத்திரி போகும்.

மூடுவதற்கு முன் ஒரு சின்னத் தாளில் தேதி, பழைய மதிப்புகள், போட்ட மதிப்புகள் எல்லாம் பென்சிலில் எழுதி உடம்பின் உட்புறச் சுவரில் ஒட்டிவிடுங்கள், கேப்சூலிலிருந்து தள்ளி. கழற்றிய பாகங்களைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டு மைக் பெட்டியிலேயே வையுங்கள். என்னுடைய மைக்கில் இப்போது மூன்று தாள் இருக்கிறது, கடைசித் தாளில் 470 அடிக்கப்பட்டு 560 என்று எழுதியிருக்கிறது.